கிணற்று நீரும் என் ஐந்து செய்திகளும்

வெண்ணந்தூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கும் கிணற்றைப் பற்றி நான் எழுதிய ஐந்து செய்திகள் எங்கள் நாளிதழில் அச்சாகியிருக்கின்றன. ஐந்தையும் வரிசையாக வைத்துப் படிக்கிறவர், எழுதியது ஐந்து பேர் என்றுதான் நினைப்பார். அந்த ஐந்து பேருக்குள் பேச்சுவார்த்தையே இருக்காது என்றும் நினைப்பார். எழுதியது நான் ஒருவன்தான்.

இராசிபுரத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது, இப்போதும் இருக்கிறது. அப்போது அதோடு சுற்று வட்டாரத்துக்கு நிருபராகவும் இருந்தேன். சம்பளம் கிடையாது. அடையாள அட்டை உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டும்; நன்றாகப் பிடிக்கிறவனே நல்ல நிருபர். இதை எனக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் தீபாவளியிலேயே புரிந்துவிட்டது.

அந்தக் கிராமத்தில் ஓடையை ஒட்டி ஒரு சேகோ ஆலை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்வார்கள். கிழங்கைக் கழுவி அரைத்த தண்ணீரைச் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும் என்று விதி. அந்த ஆலை குழாய் வைத்து நேராக ஓடையில் விட்டது. ஓடைக்குக் கீழ்ப்புறம் இருந்த ஒரு கிணற்றில் தண்ணீர் மஞ்சள் பூத்து, நான்கு நாள் புளித்த மாவு போல நாறியது. கிணற்றுக்குச் சொந்தக்காரர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விவசாயப் பெண். கணவர் இல்லை. ஒரே மகன், கல்யாணமாகி அவருடனேயே இருந்தான். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய காட்டில் விளைந்ததும் மரவள்ளிதான். அதை அந்த ஆலைக்கேதான் போட்டுக்கொண்டிருந்தார். தன் கிழங்கு கழுவிய தண்ணீர்தான் தன் கிணற்றுக்கு வருகிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

முதல் செய்திக்கு என்னை வரச் சொன்னவர், அப்போது எதிர்க்கட்சியில் இருந்த ஒரு வக்கீல். முந்தின நாளே எல்லா நிருபர்களுக்கும் போன் போட்டு, காலை பத்தரை மணிக்கு மக்கள் தன்னெழுச்சியாகத் திரள்வார்கள் என்று அறிவித்தார். பத்தரைக்குச் சரியாகத் திரண்டார்கள். வக்கீல் காரிலிருந்து இறங்கி, கேமராக்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பார்த்து, வெயில் முகத்தில் விழும்படி நின்றுகொண்டார். அக்கா கிணற்றில் சேந்திக் கொடுத்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து உயர்த்தினார். இதைக் கலெக்டர் குடிப்பாரா, மந்திரி குடிப்பாரா என்று கேட்டார். இந்த ஆலையின் குழாயை அடைக்காமல் நான் ஓய மாட்டேன் என்றார். கூட்டம் கை தட்டியது. நான் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன்.

தொலைக்காட்சிக்காரர் ஒருவருக்கு மட்டும் திருப்தி வரவில்லை. அக்காவிடம் போய், இன்னொரு தடவை தண்ணீர் சேந்துங்கள், சேந்தும்போது கொஞ்சம் அழுதால் நன்றாக இருக்கும் என்று கேட்டார்.

"அழுகை வல்லீங்களே," என்றார் அக்கா. "கோவந்தான் வருது. அதப் புடிச்சுக்கறீங்களா?"

அவர் கோபத்தைப் பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை. 'கண்ணீர் மல்கக் கதறிய பெண் விவசாயி' என்று எழுதினேன். நாலு காலம், அதாவது நாலு பத்தி அகலத்துக்கு வந்தது, படத்தோடு. நல்ல காரியத்துக்காகத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சேலத்தில் இருந்த எங்கள் செய்தி ஆசிரியர் என்னை போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வருடம் ஆலை முதலாளி பொங்கல் விளம்பரத்தை எங்கள் போட்டிப் பத்திரிகைக்குக் கொடுத்திருந்தார் என்பது பிறகுதான் என் புத்தியில் உறைத்தது.

அப்போது ஆளுங்கட்சியில் இருந்தவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டி முதலாளி ஒருவர். வடநாடு வரைக்கும் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். தண்ணீரில் குற்றமே இல்லை, எல்லாம் வக்கீலின் தேர்தல் நாடகம் என்று அவர் அறிக்கை விட்டார். ஆலை மூடினால் எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும் தெரியுமா என்று கேட்டார். அதையும் நான்தான் எழுதினேன். அது உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வந்ததால் இந்த ஐந்தில் சேர்க்கவில்லை.

தேர்தல் வந்தது. வக்கீல் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். ஆட்சியும் அவர் கட்சிக்குப் போனது. அக்கா நான்கு மாதம் பொறுத்துப் பார்த்தார். குழாய் அப்படியே இருந்தது. ஒரு நாள் மஞ்சள் பையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு வந்தார். வேறொரு செய்திக்காக நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

வக்கீல் எழுந்து நின்று வரவேற்றார். டீ சொன்னார். தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவும் வந்துவிட்டது, எல்லாம் நிர்ணயிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். ஆலைகளைப் பகைத்துக்கொண்டால் மாவட்டம் வளருமா என்றார். எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும் தெரியுமா என்றும் கேட்டார். ரிக் முதலாளியின் வசனத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அக்கா டீயைக் கீழே வைத்தார். "அந்த அளவுன்னு சொன்னீங்களே, அது மனுசனுக்குங்களா, மாட்டுக்குங்களா?"

வக்கீல் ரசித்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் வெளியே போனதும் உதவியாளர் அந்தப் பாட்டிலைக் கால் நுனியால் வாசலுக்குத் தள்ளினார்.

நான் இதை எழுதி அனுப்பினேன். செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். அந்த வருடம் பொங்கல் விளம்பரம் எங்களுக்கு வந்திருந்தது, முழுப் பக்கம். பிடித்துக் கொடுத்தவன் நானே. கழிவுநீர் என்று போடாதே, ஆலையிலிருந்து வெளியேறும் நீர் என்று போடு என்றார். துர்நாற்றம் என்ற சொல் வேண்டாம் என்றார். பின்னே என்னவென்று எழுதுவது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, மாறுபட்ட மணம் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் பேப்பரில் அப்படியே வந்தது. 'கிணற்று நீரில் மாறுபட்ட மணம்: அச்சம் வேண்டாம், எம்.எல்.ஏ. விளக்கம்.' இது இரண்டாவது செய்தி.

மூன்றாவது செய்தி ரிக் முதலாளியுடையது. எதிர்க்கட்சிக்குப் போனதும் அவருக்கு மூக்கு நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. கார்களோடு அந்தக் கிணற்றடிக்கு வந்தார். வெயில் முகத்தில் விழும்படி நின்றார். பாட்டிலை உயர்த்தினார். இதைக் கலெக்டர் குடிப்பாரா, மந்திரி குடிப்பாரா என்றார். நான் எழுதக்கூட இல்லை. பழைய நோட்டுப் புத்தகம் கடையில் இருந்தது, பேரை மட்டும் மாற்றினால் போதும். முன்பு வக்கீலை நேரலையில் காட்டிய தொலைக்காட்சி இந்த முறை வரவில்லை. அன்றைக்கு வராத இன்னொரு தொலைக்காட்சி இன்றைக்கு நேரலை வண்டியோடு வந்திருந்தது. அன்று மாலை அதில் விவாதம். நான்கு பேர் உட்கார்ந்து ஓடையைக் காப்பாற்றினார்கள். நான்கு பேருமே ஓடையைப் பார்த்ததில்லை. நடுவில் விளம்பர இடைவேளையில் ஒரு ஜவ்வரிசிப் பாக்கெட் விளம்பரம் போனது.

எங்கள் பேப்பரில் ரிக் முதலாளிக்கு எட்டு வரி கிடைத்தது. 'அரசியல் ஆதாயம் தேட முயற்சி' என்று தலைப்பு.

இதற்குள் ஆலை அக்காவிடம் கிழங்கு வாங்குவதை நிறுத்திவிட்டது. மாவுச்சத்து குறைவு என்று காரணம் சொன்னார்கள். அதே வரப்புக்கு அந்தப் பக்கம் விளைந்த கிழங்கில் சத்து குறையவில்லை. அவர் வாழப்பாடிக்கு அப்பால் ஒரு ஆலைக்கு வாடகை வண்டி வைத்து அனுப்பத் தொடங்கினார்.

அந்த வருடம் கிராம சபைக் கூட்டத்துக்கு எம்.எல்.ஏ. வந்திருந்தார். பந்தலுக்குக் கீழே நூறு பேர் இருப்பார்கள். அக்கா எழுந்து, இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்தார். உள்ளே என் முதல் செய்தி, மடிப்பு மடிப்பாக. அவர் எட்டாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டாமல், அவசரப்படாமல், வக்கீல் பேசியதை வக்கீல் முன்னாலேயே வாசித்தார். குழாயை அடைக்காமல் ஓய மாட்டேன் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"ஓய மாட்டேன்னு சொல்லியிருக்கீங்க," என்றார். "இப்ப ஓஞ்சுட்டீங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேனுங்க."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஊராட்சிச் செயலாளர் வாயை மூடிக்கொண்டு குனிந்துவிட்டார். வக்கீலின் முகம் ஒரு நொடி சுருங்கியது, பிறகு சரியானது. பத்திரிகைக்காரர்கள் பரபரப்புக்காக எதையாவது எழுதுவார்கள் அம்மா, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தார். நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் செய்தியில் நான் பொய்யில்லாமல் எழுதிய பகுதியே அதுதான். எழுந்து சொல்லியிருக்கலாம். பேனாவில் மை வருகிறதா என்று உதறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'கிராம சபையில் கூச்சல்: எதிர்க்கட்சியினர் தூண்டுதலா?' இது நான்காவது செய்தி. கடைசியில் இருக்கிற கேள்விக்குறிதான் எங்கள் தொழிலின் பெரிய கண்டுபிடிப்பு. அதைப் போட்டுவிட்டால் எந்தப் பொய்யையும் நாம் சொன்னதாக ஆகாது, கேட்டதாக ஆகும்.

இரண்டு நாள் கழித்து அக்கா என் கடைக்கு வந்தார். பட்டாவை ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமாம். ஊரில் நாலு கடை இருக்க, எதற்கு இங்கே வந்தார் என்று யோசித்துக்கொண்டே காகிதத்தைத் தலைகீழாக வைத்து ஒரு நகலைப் பாழாக்கினேன். கூச்சல் செய்திக்குத் தலைப்பு போட்டவர்கள் சேலத்தில் இருப்பவர்கள், நான் இல்லை என்று இழுத்தேன்.

"அது கெடக்குதுங்க தம்பி," என்றார். "மொத நாளு நாங் கதறுனேன்னு எழுதுனீங்களே, அதச் சேலத்துக்காரங்களா எழுதுனாங்க? நான் அழவே இல்லீங்களே. ஊருக்குள்ள எல்லாரும் கேட்டாங்க, ஏன் அழுதேன்னு."

நகல்களை வாங்கிக்கொண்டு, போய்ட்டு வாரேனுங்க என்று மரியாதையாகவே விடைபெற்றார். திட்டியிருந்தால் அன்று மத்தியானம் சாப்பிட்டிருப்பேன்.

இத்தனைக்குப் பிறகும் ஐந்தாவது செய்தியை எழுதினேன். எழுதக் கூடாது என்று தோன்றியது, எழுதினேன். ஆலைத் தரப்பிலிருந்து ஒருவர் கடைக்கு வந்து செல்போனில் சில படங்களைக் காட்டினார். அக்காவின் மகன் மாடு கட்ட ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தான். அதில் ஒரு பகுதி ஓடைப் புறம்போக்கில் இருக்கிறதாம். படத்தைச் சேலத்துக்கு அனுப்பிய அரை மணி நேரத்தில் செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் அவ்வளவு உற்சாகமான குரலை நான் கேட்டதில்லை. சுற்றுச்சூழல் நமக்கு முக்கியம், நீர்நிலை விஷயத்தில் சமரசமே கூடாது என்றார். 'ஓடையை விழுங்கிய போராளி' என்று ஐந்து காலம் வந்தது. ஆலையின் குழாய்க்கு அந்த ஓடை ஒருபோதும் ஓடையாக இருந்ததில்லை. நான்கு மாடு நிற்கிற கொட்டகை வந்ததும் அது நீர்நிலை ஆகிவிட்டது.

அன்று மாலையே வக்கீல் ஆக்கிரமிப்பாளர்களை எச்சரித்து அறிக்கை விட்டார். மறுநாள் ரிக் முதலாளியும் விட்டார். அந்தக் கிணற்று விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கருத்தைச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

அக்கா மறுப்பு ஏதும் அனுப்பவில்லை. அடுத்த திங்கட்கிழமை தாசில்தார் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தார். என் மகன் போட்ட கொட்டகை ஓடையில் இருப்பதாகப் பேப்பரில் வந்திருக்கிறது, அது உண்மையா என்று அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதே மனு. தன் மேல் தானே மனு கொடுக்கிற ஆளை அங்கே யாரும் பார்த்ததில்லை. பேப்பரில் ஐந்து காலம் வந்த விவகாரம் என்பதால் உடனே சர்வேயரை அனுப்பினார்கள். அனுப்பாமல் இருந்தால் அதற்கும் ஒரு ஐந்து காலம் வருமோ என்ற பயம். வக்கீல் ஆதரவாளர்களும் ஆலை ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அக்கா எனக்கும் போன் செய்து வரச் சொல்லியிருந்தார். கொட்டகையை எழுதியவர் நீங்கள், பிரிப்பதையும் வந்து எழுதுங்கள் என்றார்.

சர்வேயர் இளைஞர். வரைபடத்தை விரித்து வைத்து, ஓடையை அளக்க வேண்டுமானால் எல்லைக் கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும், கல் எங்கே என்று கேட்டார். கிராம நிர்வாக அலுவலர் புதருக்குள் தேடினார். காணவில்லை. ஆலை ஆட்களில் ஒருவர், கல்லெல்லாம் எப்போதோ போயிருக்கும், கண்ணுக்குத் தெரிகிறபடி அளந்து முடியுங்கள் என்றார்.

"கல்லு எங்கியும் போகலீங்க," என்றார் அக்கா. "நான் கட்டிக்கிட்டு வந்த புதுசுல அது மேல உக்காந்துதான் ஆடு மேய்ப்பேன். ஆலைச் செவத்துக்கு அந்தப் பக்கம் இருக்குது."

சர்வேயர் வரைபடத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். ஆலை ஆட்கள் இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அக்கா அவர்களைப் பார்க்கவே இல்லை. சர்வேயரிடம், என் கொட்டகையை அளக்காமல் போனால் பேப்பர்காரர் மறுபடியும் எழுதுவார் என்று என்னைக் காட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை வைத்து ஒருவர் நல்ல காரியம் செய்தார்.

கேட்டைத் திறந்தார்கள். கல் இருந்தது. ஆலையின் கழிவுநீர்த் தொட்டிக்கும் மரவள்ளித் தோல் குவியலுக்கும் நடுவில், பாதி புதைந்து கிடந்தது. அதிலிருந்து அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். சுவர் ஓடையில் இருந்தது. தொட்டியில் பெரும்பகுதி ஓடையில் இருந்தது. அக்காவின் மகன் போட்ட கொட்டகையும் மூன்று முழம் ஓடையில் இருந்தது. அக்கா அதைக் கேட்டதும் மகனைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவன் முணுமுணுத்துக்கொண்டே கடப்பாரையை எடுத்தான். சர்வேயர் குறிப்பெழுதி முடிப்பதற்குள் தகரம் கீழே இறங்கிவிட்டது.

வீட்டுக்குப் போய் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. அங்கேயே வரப்பில் உட்கார்ந்து செய்தியை எழுதினேன். கழிவுநீர் என்று எழுதினேன், துர்நாற்றம் என்று எழுதினேன். அக்கா அழவில்லை என்றும் எழுதினேன். படங்களோடு அனுப்பினேன். மறுநாள் பேப்பரில் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. செய்தி ஆசிரியரைக் கேட்டேன். இடமில்லை என்றார். எங்கள் பகுதிச் செய்திகள் வரும் பக்கத்தில், மேட்டூர் அணைப் பூங்காவில் குரங்கு ஒன்று சுற்றுலாப் பயணியின் தொப்பியைப் பறித்த செய்தி மூன்று காலம் வந்திருந்தது.

வராத செய்தியை என் கடையிலேயே முப்பது நகல் எடுத்து அந்த ஊர் டீக்கடையில் வைத்தேன். ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார்.

"இது எந்தப் பேப்பர்ல வந்துச்சுங்க?" என்று கேட்டார்.

எதிலும் வரவில்லை என்றேன்.

"அப்ப நெசமாத்தான் இருக்கும்," என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த நகல்களில் ஒன்று எப்படியோ சேலம் போய்ச் சேர்ந்தது. நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. கருத்துச் சுதந்திரத்தைக் காக்க அரை நூற்றாண்டாகப் பாடுபடும் நாளிதழ் என்று அதன் தலைப்பில் அச்சடித்திருந்தது. அடையாள அட்டையைக் கூரியரில் அனுப்பிவிட்டேன்.

சுவரை இடிக்கச் சொன்ன உத்தரவுக்கு ஆலை நீதிமன்றத்தில் தடை வாங்கியது. வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் தொட்டி ஓடையில் இருப்பது தாளில் ஏறிவிட்டதால் குழாயைத் தொடர அவர்களுக்குத் துணிவில்லை. அதை அடைத்துவிட்டு, உள்ளே தள்ளி வேறு தொட்டி கட்டினார்கள். குழாய் அடைபட்ட வாரத்திலேயே ஊர் முனையில் இரண்டு பிளக்ஸ் பேனர்கள் எதிரெதிரே முளைத்தன. மக்கள் போராட்டத்துக்கு வெற்றி தேடித்தந்ததற்கு ஒன்று வக்கீலுக்கு நன்றி சொன்னது. மற்றது ரிக் முதலாளிக்குச் சொன்னது. இரண்டிலும் கிணற்றின் படம் இருந்தது. கிணற்றுக்காரரின் படம் இரண்டிலும் இல்லை.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கிணற்றில் வாடை பெரும்பாலும் அடங்கிவிட்டது என்று அக்கா சொல்கிறார். மாடுகள் குடிக்கின்றன. மனிதர்கள் குடிக்க இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்கிறார். மரவள்ளியை விட்டுவிட்டு இந்தப் போகத்துக்கு நிலக்கடலை போட்டார். போன மாதம் ஒரு மூட்டைக் கடலைக்காய் என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். நன்றி என்று போன் செய்தேன். எதற்கும் இதைப் பேப்பரில் போட்டுவிடாதீர்கள் என்றார்.